மறுமொழி: பொதிந்து தைத்த துணிக்குத் தமிழ்ச் சொல் – 'துன்னம்' என்னும் பரிந்துரை

அன்பர்கள் அனைவருக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

'குவில்ட்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை ஆளலாம் என்று நான் கேட்டதற்குக் கோலாலம்பூர், ஈப்போ, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து எழுதிய அன்பர்களுக்கு முதலில் என் நன்றி. 'மெத்தைப்போர்வை', 'பஞ்சுப்போர்வை', 'பொதிதையல்', 'கந்தை' ஆகிய பரிந்துரைகள் வந்துள்ளன. இச்சொல் எனக்கு வேண்டியிருப்பது ஜார்ஜ் டவுனில் நடக்கும் மகளிர் தையல் வகுப்பின் தமிழ்க் கையேட்டுக்காக. வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், தமிழ் நாளிதழை நாள்தோறும் வாசிக்கிறவர்கள். ஆனாலும் ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவற்றைத் தாண்டிவிட்டால் மலாய்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோதான் அவர்கள் நாவில் முதலில் வருகிறது. கையேட்டுக்கு ஒரு பொருளின் பெயர் மட்டும் போதாது. அந்தத் தையலைச் செய்வதற்கு ஒரு வினைச்சொல் வேண்டும். அவ்வாறு தைக்கப்பட்ட துணியையும் சட்டையையும் விரிப்பையும் தனித்தனியே சொல்ல இடம் வேண்டும். அதைச் செய்கிறவரையும் குறிப்பிட வேண்டும். ஒரே வேரிலிருந்து இவை அனைத்தும் கிளைக்குமானால்தான் அது கலைச்சொல்லாக நிலைக்கும் என்பது என் கருத்து.

சொல்லைத் தேடுமுன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையில் பஞ்சோ கம்பளியோ பழந்துணியோ செயற்கை இழையோ வைத்து, அம்மூன்று அடுக்குகளையும் ஊசி ஊடுருவி ஒன்றாகப் பிணைக்கும்படி பரப்பு முழுவதும் தையல் ஓட்டினால் அது 'குவில்ட்'. ஓரத்தை மட்டும் தைத்து நடுவில் பஞ்சை அடைத்தால் அது தலையணை ஆகும், மெத்தை ஆகும்; 'குவில்ட்' ஆகாது. ஓரம் மட்டும் தைத்த உறைக்குள் இருக்கும் பஞ்சு உதறும்போதும் துவைக்கும்போதும் ஒரு மூலைக்கு ஒதுங்கி உருண்டுவிடும். பரப்பெங்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல் அதைச் சிறு சிறு கட்டங்களுக்குள் அடக்கி, இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது. பஞ்சுக்குள் தங்கும் காற்றுதான் உடலின் வெப்பத்தைக் காக்கிறது என்பதால், பஞ்சு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கச் செய்யும் அந்தத் தையலே அப்போர்வையின் கதகதப்புக்கும் காரணம். தையலில் தோன்றும் பூவும் கொடியும் கட்டமும் அழகுக்காகப் பின்னால் சேர்ந்தவை அல்ல, வேலையின் போக்கிலேயே பிறந்தவை.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. இங்குள்ள கடைகளில் 'குவில்ட் கவர்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் உள்ளே தனியாக ஒரு பொதிப்போர்வையைச் செருகிக்கொள்வதற்கான வெறும் உறைதான். அதை வாங்கிப் பழகியவர்களுக்குக் 'குவில்ட்' என்றால் தடித்த போர்வை என்ற அளவில்தான் பொருள் நிற்கிறது. அதில் தையலுக்கு இடமே இல்லாமற்போய்விட்டது. கையேட்டில் தையலைக் கற்பிக்கப் போகும் நாம், தையலை மறைத்துவிட்ட பொருளுக்கு ஒரு பெயர் சூட்டிவிடக் கூடாது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல என்று தெரிகிறது. இலத்தீனில் 'குல்கித்தா' என்றால் உள்ளே ஏதேனும் அடைத்த மெத்தை அல்லது திண்டு. அது பழைய பிரெஞ்சில் 'குயில்த்' எனத் திரிந்து, 13ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதாவது அச்சொல் தொடக்கத்தில் அடைப்பை மட்டுமே குறித்தது. தையலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தையலைச் சொல்ல வேண்டியபோது இலத்தீனிலேயே 'குல்கித்தா புங்க்தா' என்று ஓர் அடையைச் சேர்த்துக்கொண்டார்கள். 'புங்க்தா' என்றால் குத்தப்பட்டது, ஊசியால் துளைக்கப்பட்டது. இந்த இணைச்சொல் பிரெஞ்சில் 'கூர்த்புவான்த்' ஆகி, ஆங்கிலத்துக்குள் 'கவுண்டர்பாயிண்ட்' என நுழைந்து, கடைசியில் 'கவுண்டர்பேன்' என்று நின்றுவிட்டது. இன்று 'கவுண்டர்பேன்' என்றால் கட்டில்மேல் விரிக்கும் சாதாரண மேல்விரிப்பு. தையலுக்காகவே பிறந்த சொல் தையலை இழந்துவிட, அடைப்புக்காகப் பிறந்த சொல்லின்மேல் தையலின் பொருள் ஏறிக்கொண்டது. போர்த்துகீசியரின் 'கொல்ச்சா' என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்துச் சத்காவில் அவர்கள் சொல்லிச் செய்வித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பூத்தையல் விரிப்புகள் அப்பெயரில்தான் அறியப்பட்டன.

'புங்க்தா' என்ற அந்த அடைமொழியைத் தமிழர் எளிதில் உணரலாம். முள் தைத்தது, அம்பு தைத்தது என்கிறோம். சட்டை தைத்தேன் என்கிறோம். துளைப்பதற்கும் இணைப்பதற்கும் நம்மிடம் ஒரே வினை. சப்பானியர் பல அடுக்குத் துணியை ஓட்டுத்தையலால் பிணைக்கும் தம் கலையைச் 'சஷிகோ' என்கிறார்கள். சிறு குத்துகள் என்பது அதன் பொருள். இத்தாலியர் புடைப்பாகத் தைக்கும் முறையை 'திராப்புந்தோ' என்கிறார்கள். அதிலும் குத்துவதைச் சொல்லும் அதே இலத்தீன் வேர் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளும் இவ்வேலைக்குப் பெயரிடும்போது ஊசி செய்யும் செயலைத் தேடிப் போயிருக்கின்றன. நாமும் அவ்வழியே போவதுதான் சரி.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

'பஞ்சுப்போர்வை' என்பதை முதலில் விலக்கிவிடலாம். பஞ்சு இல்லாத 'குவில்ட்' உலகில் ஏராளம். மங்கோலியாவின் நொயின் ஊலா மேட்டுக் கல்லறைகளில் 1924ஆம் ஆண்டு கோஸ்லோவ் தலைமையிலான உருசியக் குழுவினர் அகழ்ந்தெடுத்த விரிப்பு, இன்று புனித பீட்டர்ஸ்பர்க் எர்மிட்டாசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய அது கம்பளி மயிரை அழுத்திச் செய்த தடித்துணியின்மேல் சுருள் சுருளாகத் தையல் ஓட்டியது. அதில் பஞ்சு கிடையாது. வங்காளத்துக் 'காந்தா', வட கருநாடகத்துக் 'கௌதி', மராட்டியரின் 'கோதடி' ஆகியவை பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பவை. அங்கே இடையடுக்கும் துணியேதான். நம் நாட்டிலோ பழைய மெத்தைகளுக்குள் இருந்தது பருத்தியன்று, மலாய்க்காரர் 'கெகாபு' என்று சொல்லும் இலவம்பஞ்சு. அதற்கு ஆங்கிலேயர் வழங்கும் 'கப்போக்' என்ற பெயரே மலாயிலிருந்து போனதுதான். இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழவழப்பானது, நூற்பதற்கு எளிதில் இணங்காதது. மெத்தைக்கும் தலையணைக்கும் மிக நல்லது. இன்று வகுப்பில் பயன்படுவது பாலியெஸ்டர். இத்தனை வகையையும் 'பஞ்சு' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது.

'மெத்தைப்போர்வை' என்பதில் எனக்கு வேறொரு தயக்கம். மெத்தை என்ற சொல் மெத்து என்னும் மென்மைப் பொருளிலிருந்து வந்த அருமையான சொல். 'மெத்தென்ற பஞ்ச சயனத்தின் மேலேறி' என்று ஆண்டாள் பாடும்போது அந்த மென்மை காதிலேயே கேட்கிறது. ஆனால் மெத்தை என்பது கீழே கிடப்பது, போர்வை என்பது மேலே கிடப்பது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மெத்தைமேல் விரிக்கும் துணி என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வர். மேலும் தையலிட்ட சட்டையை 'மெத்தைச்சட்டை' என்று சொல்ல நேரும். அது நன்றாக இல்லை. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் குளிருக்கு அணியும் மேல்சட்டையை அப்பெயரால் சொன்னால் கடைக்காரருக்கும் புரியாது, வாங்குகிறவருக்கும் புரியாது.

'பொதிதையல்' இவற்றைவிட நல்ல சொல். பரிந்துரைத்த ஈப்போ அம்மையார் தையல் என்ற கூறினை விடாமல் காத்திருக்கிறார். நெட்டுயிர்ப்பின்றிச் சொல்ல முடிகிறது, கேட்டவுடன் ஓரளவு பொருளும் விளங்குகிறது. ஆனால் இதிலிருந்து வினைச்சொல் பிறக்கவில்லை. 'பொதிதைத்தாள்' என்பது பொதியைத் தைத்தாள் என்றே ஒலிக்கிறது; பொதி என்றதும் கழுதைமேல் ஏற்றும் பொதியும் மூட்டையும் நினைவுக்கு வருவதைத் தடுக்க இயலாது. 'பொதி' என்ற வேரை வேறோர் இடத்தில் நான் பயன்படுத்த விரும்புகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

'கந்தை' என்று பரிந்துரைத்த மதுரை ஐயா அவர்களின் மடல்தான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவர் சொல்வதுபோல் வங்காளியின் 'காந்தா'வும் தமிழின் கந்தையும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். வடமொழியில் 'கந்தா' என்றால் துண்டு துண்டான துணிகளை ஒட்டித் தைத்த ஆடை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியால் இச்சொல் நமக்குக் கிழிசல் என்ற பொருளில் மட்டுமே பழகியிருக்கிறது. ஆயினும் பெரியபுராணத்தில் இச்சொல் வரும் இடங்களைப் பார்த்தால் வேறு ஒரு காட்சி தோன்றுகிறது. பழையாறையில் வாழ்ந்த துணி வணிகர் அமர்நீதி நாயனார் அடியவர்களுக்கு அமுது செய்வித்தபின், 'கந்தை கீளுடை கோவணங் கருத்தறிந்து' உதவினார் என்கிறார் சேக்கிழார். பொன்னும் மணியும் துகிலும் விற்ற செல்வ வணிகர் தாம் வணங்கும் அடியவர்க்குக் கிழிந்த துணியைக் கொடுத்திருப்பாரா? கொடுத்திருக்க மாட்டார். கீளும் கோவணமும் போல் கந்தையும் துறவியர் விரும்பி ஏற்கும் ஓர் உடைவகையாக, துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வையாகத்தான் அங்கே இருக்க வேண்டும் என்று நான் கொள்கிறேன். திருக்கூட்டச் சிறப்பில் 'ஆரம் கண்டிகை ஆடையும் கந்தையே' என்று அவர் பாடுவதிலும் இழிவின் சாயல் இல்லை. அணிகலன் உருத்திராக்கம் என்றால் ஆடை கந்தை என்ற பெருமிதமே இருக்கிறது.

பொருள் வரலாறு இவ்வளவு பொருத்தமாக இருந்தும், இச்சொல்லைக் கலைச்சொல்லாக்க நான் உடன்படவில்லை. சொல் வாழ்வது அகராதியில் மட்டுமல்ல, கேட்பவர் மனத்திலும்தான். இங்கே எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய பாட்டிமார் பழைய சேலைகளை மடித்து அடுக்கித் தைத்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். அது இல்லாமையால் வந்த வேலை. அதே வேலையை இன்று கலையாகக் கற்க வந்தவளிடம் 'நீ செய்வது கந்தை' என்று சொன்னால், சேக்கிழாரை எடுத்துக்காட்டி அதற்கு விளக்கம் சொல்லும் முன்பே அவள் முகம் வாடிவிடும். விளக்கம் சொன்ன பிறகுதான் மதிப்புப் பெறும் சொல்லைக் கையேட்டின் தலைப்பில் வைக்க முடியாது. வங்காளத்துக் கலைவடிவத்தைப் பற்றி எழுதும் பக்கத்தில் 'காந்தா' என்ற பெயரோடு நம் கந்தைக்கும் அதற்கும் உள்ள உறவை ஒரு பத்தியாக எழுதுவேன். அந்த அளவில் ஐயாவின் மடல் எங்கள் கையேட்டுக்குப் பெரிய கொடை.

என் பரிந்துரை 'துன்னம்'.

துன்னுதல் என்றால் தைத்தல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசையாகச் சொல்லிவரும் இளங்கோவடிகள் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்கிறார். முன்னவர் துணி தைப்பவர், பின்னவர் தோல் தைக்கும் செம்மார். பெயரும் தொழிலும் தொழிலாளியும் ஒரே வேரில் அமைந்திருப்பதை இந்த ஓர் அடியிலேயே காணலாம். ஆனால் எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது பொருநராற்றுப்படை. கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்திருந்த பழந்துணியை முடத்தாமக்கண்ணியார் இவ்வாறு காட்டுகிறார்:

'ஈரும் பேனும் இருந்திறை கூடி
வேரொடு நனைந்து வேற்றிழை நுழைந்த
துன்னற் சிதாஅர் துவர நீக்கி'

'வேற்றிழை நுழைந்த' என்ற தொடரைப் பாருங்கள். துணியின் சொந்த நூலாகிய பாவும் ஊடையும் ஒருபுறம் இருக்க, ஊசி கொண்டுவந்த வேறு ஓர் இழை அதன் உடலெங்கும் நுழைந்து கிடக்கிறது. புறநானூற்றின் 136ஆம் பாட்டில் துறையூர் ஓடைகிழாரும் தம் உடையைச் சொல்லுமிடத்தில் 'இழை வலந்த பஃறுன்னத்து' என்கிறார். இழை சூழ்ந்து பின்னிய பல தையல்கள். இரண்டு புலவரும் வறுமையைத்தான் பாடினார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே வறுமையைச் சொல்வது கந்தலைக் குறிக்கும் 'சிதாஅர்' என்ற சொல்லும் ஈரும் பேனும்தான்; துன்னம் என்ற சொல் தையலை மட்டுமே சொல்கிறது. அது கந்தையைப் போல் கிழிசலாகத் தேய்ந்துவிடவில்லை. பொன்செய் கொல்லரோடு ஒரே வரிசையில் இளங்கோவடிகள் அத்தொழிலாளரை நிறுத்தியிருப்பதும் அதனால்தான் இயல்பாக இருக்கிறது.

துன்னுதலுக்கு நெருங்குதல், செறிதல் என்ற பொருள்களும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுக்குகளை நெருக்கிச் செறித்துத் தைக்கும் ஒரு வேலைக்கு இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியிருப்பது நமக்குக் கிடைத்த பேறு. மலையாளத்தில் இவ்வினை இன்றும் வீட்டுச் சொல். தையலை அவர்கள் துன்னல் என்றுதான் சொல்கிறார்கள், தையற்காரர் அவர்களுக்குத் துன்னல்காரர். தமிழில் தையல் என்ற சொல் பரவி எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டதால் துன்னம் வேலையில்லாமல் ஒதுங்கி நிற்கிறது. பொதுப்பொருளை ஒரு சொல் முழுமையாக ஏற்றுக்கொண்டபின், ஓய்ந்து நிற்கும் பழைய சொல்லைக் குறுகிய தனிப்பொருளுக்கு அழைத்துக்கொள்வது கலைச்சொல்லாக்கத்தில் நல்ல வழி. சுந்தரர் கதையில் வரும் ஆவணம் என்ற சொல்லைத்தான் இன்று அலுவலகங்களில் எல்லா வகைப் பத்திரத்துக்கும் தயக்கமின்றி வழங்குகிறோம். அதை ஒருகாலத்தில் புலவர் சொல் என்று விலக்கியிருந்தால் நமக்கு அச்சொல் கிடைத்திருக்காது.

எழக்கூடிய மறுப்புகளுக்கு என் விடைகளைச் சொல்லிவிடுகிறேன். துன்னம் தமிழ்ச்சொல்தானா என்று கேட்கலாம். வடமொழியில் தையற்காரரைக் குறிக்கும் 'துன்னவாய' என்ற சொல் உண்டு; அதன் முதற்பகுதியைக் குத்துதல் பொருளுள்ள வினையடியிலிருந்து பிறந்ததாக அம்மொழியார் காட்டுவர். நெருங்குதல், செறிதல் என்ற பொருள்களோடு தமிழிலும் மலையாளத்திலும் வினையாகவே வேரூன்றி நிற்பதால் நம் சொல்லின் தனித்தன்மைக்கு வலுவான ஆதரவு இருக்கிறது என்பது என் எண்ணம். மாறாகக் கொள்வாரும் இருக்கலாம். எப்படியாயினும் சங்கப் பாட்டிலும் சிலம்பிலும் ஆளப்பட்டு, துன்னர், துன்னல், துன்னம் எனத் தமிழ் ஈறுகளை ஏற்றுக் கிளைத்த ஒரு சொல்லை நாம் பயன்படுத்துவதற்கு இந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த மறுப்பு, கேட்டவுடன் புரியாது என்பது. உண்மைதான், கேட்டவுடன் புரியாது. ஆனால் வகுப்பில் இச்சொல் தனியாக வரப்போவதில்லை. கையில் துணி இருக்கும், ஊசி இருக்கும், செய்துகாட்ட ஆசிரியர் இருப்பார். ஒரு செயலைச் செய்துகொண்டே கற்கும் சொல்லுக்கு அகராதி தேவைப்படுவதில்லை. 'குவில்ட்' என்பதும் அவர்களுக்குப் பிறந்தநாள் தொட்டுத் தெரிந்த சொல்லன்று. அதையும் யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லிக்கொடுத்துத்தான் கற்றார்கள். துன்பம் என்ற சொல்லோடு ஒலி நெருங்குகிறதே என்று கோலாலம்பூர் அன்பர் முன்னமே ஐயப்பட்டிருந்தார். எழுத்தில் இக்குழப்பம் வராது. பேச்சில் 'துன்னப்போர்வை' என்று முழுதாகச் சொல்லும்போது போர்வை என்ற சொல்லே பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

இனி, இவ்வேரிலிருந்து கிளைப்பவை. மூன்றடுக்கையும் ஊடுருவித் தைப்பது துன்னுதல். அவ்வேலையும் அவ்வேலைப்பாடும் துன்னம். தைக்கப்பட்ட துணி துன்னத்துணி. போர்த்துவது துன்னப்போர்வை, கீழே விரிப்பது துன்னவிரிப்பு, உடுத்துவது துன்னச்சட்டை. செய்பவர் துன்னர். இது இளங்கோவடிகள் கொடுத்த சொல், ஆண் பெண் இருபாலுக்கும் பொதுவாகவே நிற்கும். நடுவில் கூடுதலாக அடைத்துச் சில இடங்களை மட்டும் புடைக்கச் செய்யும் முறைக்குப் புடைப்புத்துன்னம் எனலாம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்ட திரிஸ்தான் போர்வை இவ்வகையைச் சேர்ந்தது. இலினன் துணிக்குள் பஞ்சைச் செருகி வீரர்களையும் கப்பல்களையும் புடைப்பாக எழுப்பியிருக்கிறார்கள். அதன் பகுதிகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் புளோரன்சிலும் உள்ளன. தையலை ஓட்டாமல் இடையிடையே நூலை நுழைத்து முடிந்துவிடும் முறை முடிச்சுத்துன்னம். மெத்தை தைப்பவர் நீண்ட ஊசியைக் கீழிருந்து மேலாகக் குத்தி எடுத்து, இழுத்து முடிவது இதற்கு நெருங்கிய உறவு. போர்க்களத்தில் இரும்புச் சட்டைக்கு அடியிலும் தனியாகவும் ஐரோப்பிய வீரர் அணிந்த அடுக்குத்தையல் அங்கி துன்னக்கவசம். அவ்வங்கிக்குப் பிரெஞ்சில் வழங்கிய ஒரு பெயர் பருத்தியைக் குறிக்கும் 'அல்குத்ன்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பதால், பருத்தி எவ்வழியில் அங்கே போனது என்பதற்கும் அது சான்றாகிறது.

துண்டுத்துணிகளை ஓரம் சேர்த்து இணைத்து ஒரே பரப்பாக்கும் வேலையை இதனோடு கலந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலரும் அதைத்தான் 'குவில்ட்' என்று நினைக்கிறார்கள். அது மேலடுக்கைச் செய்யும் ஒரு முறை மட்டுமே. மேலடுக்கு ஒரே முழுத்துணியாக இருந்தாலும் அது துன்னம்தான், துண்டுகளை இணைத்துவிட்டு அடுக்காமல் விட்டால் அது துன்னமாகாது. துண்டிணைப்புக்கு நம்மிடம் உயிருள்ள சொல்லே இருக்கிறது: ஒட்டுப்போடுதல். ஒட்டுப்போட்ட சட்டை என்பதை அறியாத தமிழர் இல்லை. எனவே துண்டிணைப்பு வேலையை ஒட்டுத்தையல் எனலாம். ஒரு துணியின்மேல் வேறு துணியை உருவமாக வெட்டி வைத்துத் தைப்பதை மேலொட்டு எனலாம்.

தையல் ஓடாத, உறைக்குள் செருகும் தடித்த போர்வைக்கு என்ன சொல்வது? பிரெஞ்சில் 'துவே' என்பது பறவையின் மென்தூவிக்குப் பெயர். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கையை நக்கீரர் 'துணைபுணர் அன்னத் தூநிறத் தூவி இணையணை' என்று பாடியிருப்பதால், தூவிப்போர்வை என்று சொல்ல எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் அடைப்பின் பெயரால் பொருளை அழைக்கக் கூடாது என்று மேலே வாதிட்டுவிட்டு இங்கே அதையே செய்வது முறையாகாது. கடையில் கிடைப்பவற்றில் தூவி உள்ளது மிகக் குறைவு. எனவே பொதுப்பெயர் பொதிப்போர்வை என்றும், உண்மையில் பறவைத்தூவி அடைத்ததை மட்டும் தூவிப்போர்வை என்றும் சொல்லலாம். பொதி என்ற வேரை நான் எடுத்துவைத்தது இதற்காகத்தான். துன்னத்தின் இடையடுக்கையும் அதே வேரால் 'பொதிவு' என்று குறிக்கலாம். இலவம்பஞ்சுப் பொதிவு, கம்பளிப் பொதிவு, பாலியெஸ்டர்ப் பொதிவு என்று எது வந்தாலும் சொல் தாங்கும்.

சொற்களைத் தனித்தனியே பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் நடை தெரியும். கையேட்டின் ஒரு பகுதியை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்:

'அடித்துணியை மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் பொதிவையும், பொதிவின்மேல் ஒட்டுத்தையலிட்ட மேல்துணியையும் பரப்புக. மூன்றும் நகராதபடி நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய நூலோட்டம் போட்டுக்கொள்க. பிறகு நடுவிலிருந்தே துன்னத் தொடங்குக; ஓரத்திலிருந்து துன்னினால் பொதிவு நடுவில் திரண்டு துணி மடிந்துவிடும். துன்னி முடித்தபின் நூலோட்டத்தைப் பிரித்துவிட்டு ஓரப்பட்டி தைக்கவும்.'

எனக்கு இப்பத்தி இடறலின்றி ஓடுவதாகவே படுகிறது. 'துன்னத் தொடங்குக' என்ற இடத்தில் 'குவில்ட் பண்ணத் தொடங்குக' என்று வைத்துப் பாருங்கள். வினை வினையாக நிற்பதன் வலிமை விளங்கும்.

முடிவு செய்யப்படாமல் நிற்பது ஓரப்பட்டி என்ற சொல். மூன்று அடுக்கின் பிசிறும் வெளியே தெரியாதபடி ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் நீண்ட துணிப்பட்டைக்குத் தையற்கடைகளில் 'பைப்பிங்' என்றும் 'பைண்டிங்' என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே கயிறு வைத்து உருண்டையாகத் தைப்பதும், தட்டையாக மடித்துத் தைப்பதும் ஒன்றல்ல. தட்டையானதை ஓரப்பட்டி என்றும் உருண்டையானதை ஓரக்கயிறு என்றும் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பழைய தையற்காரர் இவற்றுக்கு வேறு பெயர் வழங்கியிருந்தால் அவற்றை எழுதும்படி அங்குள்ள அன்பர்களை வேண்டுகிறேன். வழக்கில் ஒரு சொல் இருக்குமானால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே கையேட்டில் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு